மலையடிவாரச் சங்கம் மெமரி வாங்கிய கதை

திருத்தணி மலையடிவார நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முத்திரை ஒரு பீரோவில் இருக்கும், மை டப்பா இன்னொரு பீரோவில் இருக்கும். முதல் பீரோவின் சாவி தலைவர் கோதண்டத்திடம். இரண்டாவதின் சாவி தணிக்கை உறுப்பினர் துரைக்கண்ணுவிடம். இருவரும் ஒரே நாளில் வந்தால்தான் ஒரு தாளில் முத்திரை விழும். ஒரே நாளில் வந்துவிட்டாலோ, "இன்னா, ரெண்டு பேரும் சேந்து வராங்க?" என்று செயலாளர் அனுசுயா யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இப்படித்தான் சங்கம் பல காலமாக நேர்மையாக நடந்துகொண்டிருந்தது.

அங்கே புஷ்பலதாவுக்கு டிசைனர் வேலை. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். சேலைக் கரைக்கு மயிலும் மாங்காயும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவாள். அவள் வரைந்ததைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அந்த அட்டை தறி மேல் ஏறினால்தான் சேலையில் பூ விழும். ஆகவே அவளுடைய கம்ப்யூட்டர் நின்றால் பள்ளிப்பட்டில் தறியும் நிற்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுகொண்டேதான் இருந்தது. ஒரு மயிலைத் திறந்தால் முதலில் கொண்டை வரும். தோகை வருவதற்குள் பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம். பல நாள் தோகை வராமலே மெஷின் அணைந்துவிடும்.

இந்த நிலையில் நகரியில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறுகிறவர்களுக்காக மயில் கரை போட்ட மஞ்சள் சேலை கேட்டிருந்தார். பெரிய ஆர்டர். வெகு நாளாகச் சும்மா கிடந்த தறிகள் எல்லாம் ஓடும். புஷ்பலதா அக்காள் புருஷன் கஜபதியின் தறியும் அதில் அடக்கம்.

சங்கம் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் முழுசாக வாங்கக் கூடாது என்று துரைக்கண்ணு சொல்லிவிட்டார்.

"மொத்தமா வாங்கினா மொத்தமா ஏமாத்துவாங்க. தனித்தனியா வாங்கினா தனித்தனியாத்தான் ஏமாத்த முடியும்" என்றார்.

அப்படியே பெட்டி வந்தது, போர்டு வந்தது, பிராசசர் வந்தது, ஹார்ட் டிஸ்க் வந்தது. அரக்கோணம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விஜயன் வந்து எல்லாவற்றையும் பொருத்தினான். மெமரி மட்டும் பாக்கி. புஷ்பலதா எட்டு ஜிபி மெமரி இரண்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த 'இரண்டு' என்ற சொல்லைச் சுற்றித் துரைக்கண்ணு சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

மெமரி வரும்வரை திறப்பு விழாவைத் தள்ளிவைக்கத் தலைவருக்கு மனமில்லை. அந்த மாதக் கிருத்திகையன்று கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பேசினார்.

"இந்தச் சங்கம் யாரையும் ஏமாத்தினது கெடையாது. ஏமாத்தினவங்க யாருன்னு வெளிய சொன்னதும் கெடையாது. அந்தப் பெருந்தன்மைதான் நம்ம சொத்து."

கைதட்டலுக்கு நடுவே பொத்தானை அமுக்கினார். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. பிறகு அது 'பீப்... பீப்... பீப்...' என்று கத்த ஆரம்பித்தது.

"ஏன் கத்துது?"

"உள்ள மெமரி இல்லீங்க தலைவரே. அதான் கேக்குது" என்றாள் புஷ்பலதா.

துரைக்கண்ணு பெட்டியை உற்றுப் பார்த்தார். "வந்த அன்னிக்கே கேக்குதே! யாரு சொல்லிக் குடுத்தது?"

அன்றே நினைவகத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், துரைக்கண்ணு, அனுசுயா மூவரும் உறுப்பினர்கள். புஷ்பலதா விளக்கம் தருபவர். விளக்கம் தரலாம், கருத்துச் சொல்லக் கூடாது.

முதல் கூட்டத்தில் துரைக்கண்ணு நேராக விஷயத்துக்கு வந்தார். "ஒண்ணுல ஆவற வேலைக்கு ரெண்டு எதுக்கு?"

"போர்டுல ரெண்டு வழி கீதுங்க சார். ரெண்டுலயும் ஒண்ணொண்ணு போட்டா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் போய் வரும். வேலை வெரசா நடக்கும்."

"வெரசா நடந்து?"

"டிசைன் சீக்கிரம் முடியும்."

"முடிஞ்சிட்டு மீதி நேரத்துல நீ இன்னா பண்ணுவே?"

புஷ்பலதா தடுமாறியதை அனுசுயா குறித்துக்கொண்டார்.

அடுத்து அனுசுயா கேட்டார். "ஏம்மா, இந்த மெமரில நம்ம சங்கத்துக் கணக்கு வழக்கெல்லாம் இருக்குமா?"

"அது ஹார்ட் டிஸ்க்குல இருக்கும் மேடம். மெமரின்றது வேலை நடக்கறப்ப மட்டும் ஞாபகம் வெச்சிக்கறது. கரண்ட்டு போச்சின்னா எல்லாத்தையும் மறந்துடும்."

பெட்டி 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. சும்மா வைத்தால் புது மெஷின் துருப்பிடிக்கும் என்று தலைவர் அதைத் தினமும் காலையில் போடச் சொல்லியிருந்தார்.

"மறந்துடுமா?" என்றார் தலைவர்.

"ஆங். சுத்தமா."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறதி தப்புன்னு நான் சொல்லமாட்டேன். போன எலெக்‌ஷன்ல தறிக்காரங்களுக்கு நான் இன்னா இன்னா சொன்னேன்னு அவங்களும் மறந்துட்டாங்க, நானும் மறந்துட்டேன். அதனாலதான் சண்டை சச்சரவு இல்லாம சங்கம் ஓடிகினு கீது. ஆனா அது தானா வந்த மறதி. காசு குடுத்து மறதி வாங்கணுமா, அதான் கேள்வி."

கேள்வி நல்ல கேள்வி என்று பதிவு செய்யப்பட்டது. மூன்று கடைகளில் விலை கேட்பது என்று முடிவானது.

விஜயன் கடை, அரக்கோணத்தில் ஒரு கடை, நகரியில் ஒரு கடை. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே விலை எழுதியிருந்தார்கள். "மூணு பேரும் பேசி வெச்சிகினு கீறாங்க" என்று துரைக்கண்ணு அவற்றை ரத்து செய்தார். மறுபடி கேட்டபோது விலைகள் வேறு வேறாக வந்தன. "ஒரே பொருளுக்கு இவ்ளோ வித்தியாசமா? இதுல ஏதோ கீது" என்று அவற்றையும் ரத்து செய்தார். மூன்றாம் முறை கேட்டபோது எல்லா விலையும் ஏறியிருந்தது.

விஜயனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான் இன்னா சார் பண்றது? உலகம் பூரா பெரிய பெரிய கம்பெனிங்க மெமரிய அள்ளிகினு போறாங்க. வாரா வாரம் ஏறுது. அன்னிக்கே வாங்கியிருந்தா வெல கொறச்சலா முடிஞ்சிருக்கும்."

"உலகத்துல ஏறினா திருத்தணில ஏன் ஏறுது?" என்றார் துரைக்கண்ணு. "நாம ஒவ்வொரு வாட்டி கேக்கறப்பவும் ஏறுது. அப்ப நாம கேக்கறதுனாலதான் ஏறுது."

அந்த வாதத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. விலை இறங்கும்வரை அலுவலகத்துக்குள் யாரும் மெமரி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பிறகு அனுசுயா புஷ்பலதாவின் மேஜைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொருள் எறங்கிச்சா?" என்று கேட்பார். அந்தப் பொருள் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள் கஜபதி சங்கத்துக்கு வந்தார். புஷ்பலதா அவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துப்போனாள். கிளாஸை வாங்கிய அவருடைய கை நெடுகக் கீறல்.

"இன்னா பாவா, கையில?"

"கரும்புக் கொல்லையில களை வெட்டப் போறேன் புஷ்பா. சோகை எல கிழிச்சிடுச்சி. பழக்கமில்ல இல்ல" என்றார். "வீட்ல தறி மேல கோழி அடை படுத்துகினு கீது. உங்கக்கா கோழிய வெரட்ட வாணாம்னுட்டா. குஞ்சாவது பொரியட்டும்ன்றா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"நகரிக்காரரு வேற ஆள பாத்துக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. உங்க ஆபீஸ்ல கேட்டா பரிசீலனைன்றாங்க. அந்தச் சாமான் அவ்ளோ பெரிசா? லாரில வரணுமா?"

புஷ்பலதா தன் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினாள். "இத மாதிரி ரெண்டு வெரல் நீளம் பாவா. அவ்ளோதான்."

கஜபதி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

அவள் உள்ளே போய், இன்னும் தாமதமானால் ஆர்டர் போய்விடும் என்று தலைவரிடம் சொன்னாள். டீக்கடையில் யாருடன் பேசிக்கொண்டிருந்தாள் என்ற விவரம் அதற்குள் துரைக்கண்ணுவுக்குக் கிடைத்திருந்தது.

"சொந்தக்காரன் தறிக்காகத்தான் இவ்ளோ அவசரமா?" என்றார் அவர். இருந்தாலும் ஆர்டர் போனால் பொதுக்குழுவில் கேள்வி வரும் என்று தலைவருக்குப் பயம். குழுவே நேரில் போய்ப் பொருளைத் தேர்வு செய்வது என்று முடிவெடுத்தார்.

சங்கத்தில் பட்டு நூல் நிறுப்பதற்குச் சின்னத் தராசு ஒன்று உண்டு. துரைக்கண்ணு அதை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

விஜயன் கடையில் எட்டு ஜிபி மெமரியை ஒரு தட்டில் வைத்தார். பதினாறு ஜிபியை இன்னொரு தட்டில் வைத்தார். தராசு முள் அசையவே இல்லை.

"பாத்தீங்களா தலைவரே! டபுள் சரக்குன்றான், அதே எடை கீது. எவ்ளோ தைரியம்!"

"சார், மெமரிய எடை போட்டு வாங்கமாட்டாங்க" என்றான் விஜயன்.

"எடை போட வாணாம்னு சொல்ற கடைக்காரன்கிட்ட நாங்க நூல் கூட வாங்கினதில்ல."

கண்ணாடி அலமாரியில் ஒன்று தனியாக இருந்தது. தடித்த உலோக உறை போட்டது, மின்சாரம் கொடுத்தால் பல வண்ணத்தில் எரிவது. கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பிள்ளைகள் வாங்குவது என்று விஜயன் சொன்னான். தராசில் வைத்ததும் தட்டு தடாலென்று இறங்கியது. குழுவின் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

"இதுல கனம் கீது" என்றார் தலைவர்.

"லைட்டும் கீது" என்றார் அனுசுயா. "வேலை செய்யுதுன்னு வெளியிலிருந்தே தெரியும்."

புஷ்பலதா பதறிப்போனாள். "ஐயா, இது புது மாடலுங்க. நம்ம போர்டுக்கு உக்காராது. நடுவுல இருக்கற வெட்டு வேற எடத்துல கீது பாருங்க."

"ஆமா சார், அக்கா சொல்றது சரி. இது சேராது" என்றான் விஜயன்.

துரைக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவரைத் தனியாக அழைத்துப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார். "மெமரி கேட்டவளும் வாணாம்ன்றா, விக்கறவனும் வாணாம்ன்றான். அப்ப இதுல யாருக்கும் கமிஷன் இல்லன்னு அர்த்தம். இதான் நேர்மையான பொருள். வாங்கிடலாம்."

வாங்கிவிட்டார்கள். அதுவும் ஒன்றுதான். விற்ற பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று விஜயன் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டான். அவனும் அந்தச் சங்கத்தோடு பழகிவிட்டவன்.

மறுநாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புஷ்பலதா பொருத்திக் காட்டினாள். உட்காரவில்லை. திருப்பிக் காட்டினாள். அப்போதும் உட்காரவில்லை.

"வேணும்னே உக்கார வெக்கமாட்டேன்றா" என்று சொல்லித் துரைக்கண்ணு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தள்ளு இப்பிடி."

"சார், அமுக்காதீங்க! ஒடஞ்சிடும்!"

அவள் வேண்டாம் என்றதால் அவர் இன்னும் பலமாக அமுக்கினார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

"உக்காந்துச்சி!" என்றார் தலைவர்.

உட்காரவில்லை. போர்டில் மெமரி செருகும் இரண்டு வாய்களில் ஒன்று ஓரமாகப் பிளந்து நின்றது. துரைக்கண்ணு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒடஞ்சிடும்னு இந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிச்சி. எப்பிடித் தெரியும்? அத்தக் கேளுங்க மொதல்ல."

போர்டு உடைந்தது பற்றி விசாரிக்க அதே குழு விசாரணைக் குழுவாக மாறியது. அதுவரை காலையில் பொத்தானை அமுக்குவதைத் தவிர யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மலைப்படி ஓரத்தில் காவடிக் கடைகளுக்குக் கொட்டகை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போகும்போது புஷ்பலதா உடையாத இன்னொரு செருகுவாயைப் பற்றி யோசித்துக்கொண்டே போனாள். வீட்டில் மகள் ஷாலினி காலேஜ் படிப்புக்காக வைத்திருந்த கம்ப்யூட்டரில் அதே வகை மெமரி ஒன்று இருந்தது.

"கழட்டிக்கோம்மா" என்றாள் ஷாலினி. "ஆனா உன்ன நெனச்சாதான் பயமா கீது. அவங்க உன்னைய சும்மா விடுவாங்களா?"

"கஜபதி பாவா கையப் பாத்துட்டேன்டி. அதுக்கப்புறம் தூக்கம் வரல."

காலையில் மற்றவர்கள் வருமுன் போய் அதைச் செருகினாள். பெட்டி ஒரே ஒரு தரம் 'பீப்' என்றது. பிறகு திரை விழித்துக்கொண்டது. பழைய மெஷினிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்து மயிலைத் திறந்தாள். கொண்டையும் தோகையும் ஒன்றாக வந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

டிசைன் முடிந்தது. அட்டை அடித்தார்கள். கோழி குஞ்சுகளோடு இறங்கியது, கஜபதியின் தறி ஓடியது. மஞ்சள் சேலைகள் நகரிக்குப் போய்ச் சேர்ந்தன. இது எதையும் சங்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் துரைக்கண்ணு கூட்டத்தின் நடுவே காதைத் தீட்டிக்கொண்டார்.

"இன்னாத்த காணோம்?"

எல்லோரும் உற்றுக் கேட்டார்கள். 'பீப்' சத்தத்தைக் காணோம்.

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சங்கம் வாங்காத மெமரி ஒன்று இருந்தது. சங்கத்துச் சொத்துக்குள் அந்நியப் பொருள். அதைக் கழற்றித் துணியில் சுற்றி அரக்கு வைத்து மூடினார்கள். மேலே ஒட்டிய தாளில் முத்திரை வைக்க வேண்டியிருந்ததால் இரண்டு சாவியும் ஒரே நாளில் வந்தன. அப்படி ஒரு சம்பவம் சங்கத்தில் வெகு காலமாக நடந்ததில்லை என்று அனுசுயா பெருமையோடு சொன்னார்.

விசாரணையில் புஷ்பலதா எழுந்து நின்றாள்.

"எதுக்கு உன் சொந்தப் பொருள உள்ள போட்டே?" என்றார் தலைவர்.

"வேலை நடக்கணும்னுதாங்க."

"யாரும் கேக்காம வேலை செஞ்சியா?"

"ஆங்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "நான் தலைவரா வந்ததிலிருந்து கேட்டே ஒரு வேலையும் நடந்தது கெடையாது. நீ கேக்காமலே செஞ்சிருக்கே. இத்த நான் எப்பிடிம்மா நம்பறது?"

துரைக்கண்ணு துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினார். "நீ இன்னா இன்னா பண்ணேன்றது எல்லாம் இதுல இருக்கும். நிபுணர வெச்சிப் பாக்கப் போறோம்."

"அதுல ஒண்ணும் இருக்காதுங்க சார். கழட்டினதும் மறந்துடும். மொத கூட்டத்திலயே சொன்னேனே."

"அப்பவே சொல்லி வெச்சிட்டா பாத்தீங்களா!" என்றார் துரைக்கண்ணு மற்றவர்களிடம்.

நிபுணர் என்று அழைக்கப்பட்டவன் விஜயன்தான். அவன் மெமரியை முன்னும் பின்னும் பார்த்து, உள்ளே எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். எதுவும் இல்லை என்றால் அழிக்கப்பட்டிருக்கிறது என்று குழு எழுதிக்கொண்டது. முடிவில் தீர்ப்பு வந்தது: குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகம் நிரூபிக்கப்பட்டது. இனி புஷ்பலதா வேலை செய்யும்போது அனுசுயா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அனுசுயா சரியாகப் பார்க்கிறாரா என்று துரைக்கண்ணு பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்.

இருவர் மூச்சும் கழுத்தில் படப் புஷ்பலதா சில காலம் பழைய கம்ப்யூட்டரிலேயே வேலை செய்தாள். ஒரு மாங்காய் வரைந்தால், "ஏன் அந்தப் பக்கம் வளையுது?" என்று கேட்டார்கள். அப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

"திடீர்னு ஏன் போறே?" என்று கேட்டார் தலைவர். "எங்கியோ பெரிய எடம் புடிச்சிட்டே போலக் கீது."

"வீட்ல சும்மா இருக்கப் போறேங்க."

"சும்மா இருக்கறதுக்கு யாராவது சங்கத்து வேலைய விடுவாங்களா? இங்கியே சும்மா இருக்கலாமே!"

கொஞ்ச நாளில் கஜபதி அவள் வீட்டுக்கு வந்தார். நகரிக்காரருக்கு மயில் பிடித்துவிட்டது, இனிமேல் தறிக்காரர்களிடமே நேராக ஆர்டர் கொடுக்கிறேன் என்கிறார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம், நீதான் வரைய வேண்டும் என்றார். புஷ்பலதாவின் அக்காள் தேவகியும் கூட வந்திருந்தாள். அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதா சரி என்றாள்.

விஜயன் கடைக்குக் கஜபதியோடு போனாள். போர்டு, பெட்டி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மெமரி வந்தது.

"ரெண்டு வோணும் பாவா" என்றாள். சொல்லிவிட்டு விளக்கத்துக்குத் தயாராக நின்றாள்.

"எடுத்துக்கோ" என்றார் கஜபதி.

"ஏன் ரெண்டுன்னு கேக்கலியே?"

"உனக்குத் தெரியாததா? நீ சொன்னா சரிதான்."

அவர் வெளியே போய் ஆட்டோ பேச ஆரம்பித்தார். புஷ்பலதா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி விஜயனிடம் கேட்டாள்.

"பாவா இதுக்கு முன்னாடி இங்க வந்து வெல ஏதாவது விசாரிச்சாரா?"

"இல்லியேக்கா. இன்னிக்குத்தான் அவர மொத மொதல்ல பாக்கறேன்."

விஜயன் அவள் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். எதற்கு அப்படி நேராகப் பார்த்துச் சொல்கிறான் என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.